கைத்தொலைபேசிச் செயலியில் பணம் பெறுமுன் செய்ய வேண்டிய பரிசோதனை

கிராமத்தில் ஒரு மாதர் சங்கமோ சிக்கனக் கடனுதவிச் சங்கமோ ஆரம்பிக்கப்படும்போது முதலில் வாங்கப்படும் பொருட்களுள் ஒன்று பற்றுச்சீட்டுப் புத்தகமாகும். ஐந்து ரூபா வாங்கினாலும் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அடிக்கட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மாலையில் பெட்டியிலுள்ள காசும் அடிக்கட்டைகளின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போக வேண்டும். இதனை நாம் பல ஆண்டுகளாகச் சங்கங்களுக்குக் கற்பித்து வந்துள்ளோம். இன்று எமது இளைஞர்கள் கைத்தொலைபேசிச் செயலிகளை ஆக்குகின்றனர். அவற்றினூடாகப் பணமும் பெறுகின்றனர். அங்கே பெட்டியும் இல்லை, சீட்டுப் புத்தகமும் இல்லை. ஆனால் பொறுப்பு மாத்திரம் மாறவில்லை.

இதனை நாம் ஒரு தவறின் மூலமாகவே கற்றுக்கொண்டோம். எமது பயிற்சி நிலையத்தில் கணினி பயின்ற இளைஞர் சிலர், க.பொ.த. சாதாரண தரக் கணிதப் பாடங்களைக் கொண்ட செயலி ஒன்றை ஆக்கினர். முதற் சில பாடங்கள் இலவசம். மிகுதியைப் பணம் செலுத்தித் திறந்துகொள்ளலாம். பரீட்சைக்கு முந்திய வாரம் ஒரு தாய் மகளுடன் எம்மிடம் வந்தார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மூத்த மகளின் வங்கி அட்டையினால் பணம் செலுத்தியிருந்தனர். “சுவாமி, காசு போட்டுது, பாடம் திறக்கேல்லை” என்றார். மீண்டும் வாங்க முயன்றபோது, ‘இப்பொருள் ஏற்கெனவே உங்களிடம் உள்ளது’ என்று தொலைபேசி சொல்லியிருக்கிறது. மூன்று நாட்களின் பின் பணம் தானாகவே திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதற்கிடையில் கணிதப் பரீட்சை முடிந்துவிட்டது.

வங்கியிலும் பிழையில்லை, தொலைபேசிக் கம்பனியிலும் பிழையில்லை. பிழை எமது செயலியில் இருந்தது. வெளியிடுமுன் நாம் அதனைப் பரிசோதித்தோம் என்பது உண்மையே. ஆனால் எல்லாம் சரியாக நடக்கும் ஒரு வழியை மாத்திரமே பரிசோதித்தோம். நிலையத்தின் நல்ல இணைய வசதியுடன், ஒழுங்காகப் பணம் ஏறும் ஒரு அட்டையுடன், ஒரே தொலைபேசியில் செய்தோம். எமது மக்களின் வாழ்க்கை அத்தகையதல்ல. ஆகவே செயலிகள் பணம் பெறும் முறையையும், அதனை எவ்வாறு பரிசோதிக்க வேண்டும் என்பதையும் இங்கு விளக்க முனைகின்றோம்.

செயலிக்குள் கொள்வனவு என்றால் என்ன?

அப்பிள் நிறுவனம் தனது ‘அப் ஸ்ரோர்’ எனும் செயலிச் சந்தையை 2008 யூலையில் திறந்தது. அப்போது செயலியைப் பெறும்போதே விலையைச் செலுத்த வேண்டியிருந்தது. 2009 யூனில், ஏற்கெனவே பெற்ற செயலிக்குள் இருந்தபடியே மேலதிகமான ஒன்றை வாங்கும் முறை அறிமுகமானது. அதே ஆண்டு ஒக்டோபரில் இலவசச் செயலிகளுக்கும் இவ்வனுமதி கிடைத்தது. அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கான கூகிள் சந்தையில் இம்முறை 2011 மார்ச்சில் வந்தது. அச்சந்தைக்கு இன்றுள்ள ‘கூகிள் பிளே’ எனும் பெயர் 2012இல் இடப்பட்டது.

இம்முறையில் கொள்வனவாளரின் அட்டை இலக்கம் எமது கைக்கு வருவதே இல்லை. பணத்தை அறவிடுவது அப்பிள் அல்லது கூகிள் நிறுவனமாகும். அவை தமது தரகைக் கழித்துக்கொண்டு மிகுதியை ஆக்கியவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகின்றன. ஆரம்பத்தில் இத்தரகு நூற்றுக்கு 30 ஆக இருந்தது. ஆண்டுக்கு பத்து இலட்சம் டொலருக்குட்பட்ட வருமானமுள்ள சிறு ஆக்குநர்களுக்கு அப்பிள் 2021 சனவரியிலிருந்து, தமது திட்டத்தில் விண்ணப்பித்துச் சேர்வோருக்கு, இதனை 15 ஆகக் குறைத்தது. கூகிள் 2021 யூலையிலிருந்து ஆண்டின் முதற் பத்து இலட்சம் டொலருக்கு 15 ஆக்கியது. அதாவது 1000 ரூபாவுக்கு விற்றால் 15 வீதத் தரகின்படி வரிகளுக்கு முன் 850 ரூபாவே எமக்குரியது. விலையைத் தீர்மானிக்கும்போது இக்கணக்கு முதலிலேயே போடப்பட வேண்டும். தரகு விதிகள் அடிக்கடி மாறுவதால், பதிவு செய்யும் நாளில் உள்ள விதியை வாசித்த பின்னரே திட்டமிடுதல் நன்று.

கணக்குத் தொடங்கவும் செலவுண்டு. கூகிளுக்கு ஒரே தடவை 25 டொலர்; அப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர். ஆகவே வசதி குறைந்த இளைஞர் குழுவொன்று அன்ட்ரொயிட்டில் தொடங்குவதே நடைமுறைக்கு உகந்தது எனலாம்.

எதை எந்த வழியில் விற்பது?

இங்கு பலர் தடுமாறுகின்றனர். பொதுவான விதி இதுவாகும்: செயலிக்குள்ளேயே நுகரப்படும் பொருள், அதாவது பாடம், பாடல், விளையாட்டு நாணயம், விளம்பரமின்றிப் பாவிக்கும் வசதி போன்றவை, சந்தையின் கொடுப்பனவு முறையினூடாகவே விற்கப்பட வேண்டும். கையிலே தொடக்கூடிய பொருளையும் நேரிலே செய்யும் சேவையையும் அம்முறையினூடாக விற்க முடியாது. பனங்கட்டி, கருவாடு, நெசவுச் சேலை, உழவு இயந்திர வாடகை ஆகியவற்றுக்கு வங்கி அட்டைக் கொடுப்பனவு வாயிலையோ, மத்திய வங்கியின் ஏற்பாட்டில் வந்த லங்காகியூஆர் குறியீட்டையோ, பொருளைக் கொடுக்கும்போது காசு வாங்கும் பழைய முறையையோ நாட வேண்டும். இதில் சந்தைக்குத் தரகு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுப்பனவு வாயிலுக்கு அதற்குரிய கட்டணம் உண்டு.

நன்கொடை பெறுவதற்கும் தனி விதிகள் உள்ளன. ஆலயத் திருப்பணிக்கெனச் செயலியில் ஒரு பொத்தானை வைத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடலாகாது. விதிக்கு மாறான செயலியைச் சந்தை நிராகரிக்கும்.

இவ்விதிகள் எங்கும் ஒரேமாதிரியும் அல்ல. 2025 ஏப்ரலில் வந்த நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஐக்கிய அமெரிக்காவில் செயலியிலிருந்து வெளிக் கொடுப்பனவுப் பக்கத்துக்கு இணைப்பு இடுவதை அப்பிள் அனுமதிக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்திலும் சட்டத்தின் மூலம் சில தளர்வுகள் வந்துள்ளன. அங்கே நடந்ததை வைத்துக்கொண்டு இங்கேயும் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்று வகைப் பொருட்கள்

முதலாவது, பாவித்ததும் தீர்ந்துவிடுவது. பத்து மாதிரி வினாத்தாள்களைத் திருத்தித் தரும் வாய்ப்பை விற்றால், பத்தும் முடிந்ததும் மீண்டும் வாங்கலாம். இரண்டாவது, ஒரு தடவை வாங்கினால் என்றும் நிலைப்பது. எமது கணிதப் பாடங்கள் இவ்வகையே. பாவனையாளர் தொலைபேசியை மாற்றினாலும் அது அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். மூன்றாவது, சந்தா. மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் தானாகவே பணம் அறவிடப்படும்.

வறிய குடும்பங்களிடையே சந்தா முறையை மிகுந்த நிதானத்துடனேயே பயன்படுத்த வேண்டும் என்பது எமது கருத்து. செயலியைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் எனப் பலர் நம்புகின்றனர். அது தவறு. சந்தையின் கணக்கில் சென்று இரத்துச் செய்யும்வரை பணம் போய்க்கொண்டே இருக்கும். எங்கே சென்று இரத்துச் செய்வது என்பதைச் செயலிக்குள்ளேயே தெளிவான தமிழில் எழுதி வைப்பது எமது கடமையாகும்.

பணம் செல்லும் பாதை

ஒரு கொள்வனவு ஒரே செயல் போலத் தோன்றினாலும் உண்மையில் பல படிகளைக் கொண்டது. முதலில் செயலி சந்தையிடம் பொருளின் பெயரையும் விலையையும் கேட்டுப் பெறுகின்றது. இரண்டாவதாக, பாவனையாளர் பொத்தானை அழுத்தியதும் சந்தையின் சொந்தத் திரை தோன்றிப் பணத்தை அறவிடுகின்றது. மூன்றாவதாக, சந்தை செயலிக்கு ஒரு சான்றைக் கொடுக்கின்றது. இதுவே எமது பற்றுச்சீட்டு. நான்காவதாக, செயலி அச்சான்றை எமது சேவையகத்துக்கு அனுப்ப, சேவையகம் அது உண்மையானதுதானா எனச் சந்தையிடம் விசாரிக்கின்றது. ஐந்தாவதாக, பொருள் திறக்கப்படுகின்றது. ஆறாவதாக, ‘பொருளைக் கொடுத்துவிட்டோம்’ என்று செயலியோ சேவையகமோ சந்தைக்கு அறிவிக்கின்றது.

இந்த ஆறாவது படியைக் கூகிள் பிளேயில் மூன்று நாட்களுக்குள் செய்யாவிடின் கொள்வனவு தானாகவே இரத்தாகிப் பணம் திருப்பிக் கொடுக்கப்படும். பொருளைக் கொடுக்காமலே பணத்தை வைத்திருப்பதைத் தடுக்கும் நல்லதொரு காவல் இது.

எமது தவறு எங்கே நடந்தது என்பதை இப்போது வாசகர் கண்டுகொள்வர். அத்தாயின் வீட்டில், மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில் இணையத் தொடர்பு அறுந்தது. பணம் போய்விட்டது, சான்று எமது சேவையகத்தை அடையவில்லை. செயலியை மீண்டும் திறந்தபோது, ‘முடிவுறாத கொள்வனவு ஏதும் உண்டா?’ என்று அது சந்தையிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கும்படி நாம் எழுதவில்லை. சந்தையின் ஏட்டில் பொருள் அவருடையது. எமது ஏட்டில் அவர் வாங்கவே இல்லை. மூன்று நாள் முடிந்ததும் பணம் திரும்பியது. செயலி திறக்கப்படும் ஒவ்வொரு தடவையும் இக்கேள்வியைக் கேட்கும்படி சில வரிகளைச் சேர்த்ததுடன் குறை தீர்ந்தது.

காசு போகாமல் பரிசோதிக்கும் வழிகள்

இரு சந்தைகளும் உண்மையான பணமின்றிப் பரிசோதிக்க வழி செய்துள்ளன.

கூகிளில் முதலில் செயலியின் ஒரு பிரதியைச் சந்தைக் கணக்கின் உட்பரிசோதனைப் பிரிவில் ஏற்ற வேண்டும். அதன்பின் விற்கும் பொருட்களைப் பதிவு செய்யலாம். பொருளுக்கு இடும் அடையாளப் பெயரைப் பின்னர் மாற்றவோ மீளப் பாவிக்கவோ முடியாதாகையால் யோசித்தே இட வேண்டும். அடுத்து, பரிசோதிப்போரின் மின்னஞ்சல் முகவரிகளை ‘உரிமப் பரிசோதகர்’ பட்டியலில் சேர்க்க வேண்டும். இவர்கள் வாங்கும்போது நான்கு போலி அட்டைகள் தோன்றும்: எப்போதும் ஏற்கப்படுவது, எப்போதும் மறுக்கப்படுவது, சில நிமிடங்கள் தாமதித்து ஏற்கப்படுவது, சில நிமிடங்கள் தாமதித்து மறுக்கப்படுவது. நாம் முதல் அட்டையை மட்டும் பாவித்துவிட்டுத் திருப்தியடைந்தோம். உண்மையில் மற்ற மூன்றுமே எமக்கு ஆசிரியர்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கூகிளில் 2023 நவம்பர் 13இன் பின் தனிநபர் பெயரில் தொடங்கப்பட்ட கணக்குகள், செயலியைப் பொதுவில் வெளியிடுமுன் ஒரு குழுவினரைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அக்குழுவில் 20 பேர் இருக்க வேண்டும் என்றிருந்தது 2024 டிசெம்பரில் 12 ஆகக் குறைக்கப்பட்டது. இளைஞர்கள் தம் உறவினரையும் நண்பரையும் இதற்குச் சேர்ப்பர். ஆனால் பரிசோதனைக் குழுவில் இருப்பதும் உரிமப் பரிசோதகராக இருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது பட்டியலில் பெயர் இல்லாதவர் ‘சோதித்துப் பார்ப்போம்’ என்று பொத்தானை அழுத்தினால் அவரது உண்மையான பணமே போகும். பரிசோதனைக் கொள்வனவாயின், பணம் அறவிடப்படமாட்டாது என்ற அறிவிப்பு கொடுப்பனவுத் திரையிலேயே தெரியும். அதனைக் கண்ட பின்னரே மேலே செல்லுமாறு எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

அப்பிளில் இவ்விடத்துக்கு ‘சான்ட்பொக்ஸ்’ என்று பெயர். சிறுவர் விளையாடும் மணற்பெட்டி என்பது அதன் பொருள். கட்டிடம் சரிந்தாலும் எவருக்கும் காயமில்லை. இதற்கெனத் தனியான பரிசோதனைக் கணக்கொன்றை, அப்பிளில் முன்னர் பதியப்படாத மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு உருவாக்க வேண்டும். கட்டணச் செயலிகளுக்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டு வங்கி, வரி விபரங்களை நிரப்பும்வரை பொருட்கள் செயலியில் தோன்றமாட்டா. பல இளைஞர்கள் தம் நிரலிலே பிழை தேடி நாட்களை வீணாக்குவது இதனாலேயே. 2020இலிருந்து, இணையத் தொடர்பே இல்லாமல் கணினியிலேயே கொள்வனவைப் போலியாக நடத்திப் பார்க்கும் வசதியையும் அப்பிள் தனது எக்ஸ்கோட் மென்பொருளில் வழங்கியுள்ளது. மின்சாரமும் இணையமும் அடிக்கடி துண்டிக்கப்படும் இடங்களில் இது பேருதவியாகும்.

சந்தாவைப் பரிசோதிக்க ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. பரிசோதனையில் காலம் சுருக்கப்படுகின்றது. ஒரு மாதச் சந்தா இரு சந்தைகளிலும் 5 நிமிடங்களில் புதுப்பிக்கப்படும். ஓராண்டுச் சந்தா கூகிளில் 30 நிமிடங்களிலும் அப்பிளில் ஒரு மணித்தியாலத்திலும் புதுப்பிக்கப்படும். எனவே புதுப்பித்தல், இரத்துச் செய்தல், காலாவதியாதல் ஆகிய மூன்றையும் ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம்.

கட்டாயம் பார்க்க வேண்டிய நிலைமைகள்

எமது தவறின் பின் நாம் ஒரு பட்டியலைத் தயாரித்துச் சுவரில் ஒட்டினோம். வேறு குழுக்களுக்கும் பயன்படலாம் என்பதால் அதனை இங்கு தருகின்றோம்.

1. எல்லாம் சரியாக நடக்கும் கொள்வனவு. பொருள் உடனே திறக்கின்றதா?

2. பாவனையாளர் பாதியில் மனம் மாறித் திரும்புதல். செயலி குறைகூறாமல் முன்னிருந்த இடத்துக்கு வருகின்றதா?

3. அட்டை மறுக்கப்படுதல். காரணம் எளிய தமிழில் சொல்லப்படுகின்றதா? பொருள் தவறுதலாகத் திறந்துவிடுகின்றதா?

4. தாமதமான கொடுப்பனவு. சில நாடுகளில் கடைக்குச் சென்று காசாகச் செலுத்தும் வழியும் கூகிளில் உண்டு. அதுவரை கொள்வனவு ‘நிலுவையில்’ இருக்கும். அப்பிளில் பிள்ளையின் கொள்வனவுக்குப் பெற்றோரின் அனுமதி வேண்டியிருந்தால் அதுவும் இவ்வாறே காத்திருக்கும். பணம் உறுதியாகுமுன் பொருளைக் கொடுக்கவும் கூடாது. பாவனையாளரைக் காரணம் தெரியாமல் தவிக்க விடவும் கூடாது.

5. பணம் போனதும் இணையத்தைத் துண்டித்தல். இதுவே எம்மை வீழ்த்திய இடம். தொலைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றியும், செயலியைப் பலவந்தமாக மூடியும், மின்கலம் தீர்ந்தது போல அணைத்தும் பார்க்க வேண்டும்.

6. செயலியை அழித்து மீண்டும் ஏற்றுதல், வேறு தொலைபேசியில் ஏற்றுதல். வாங்கியது திரும்பக் கிடைக்கின்றதா? இதற்கென ஒரு பொத்தானை வைப்பது அப்பிளில் கட்டாயமாகும்.

7. பொத்தானைப் பொறுமையின்றி இரண்டு மூன்று தடவை அழுத்துதல். இரண்டு தடவை அறவிடப்படுகின்றதா?

8. பணம் மீளளிக்கப்படுதல். மீளளித்த பின் எமது ஏட்டிலும் அது பதியப்படுகின்றதா?

9. சந்தா புதுப்பிக்கும் நாளில் கணக்கில் பணம் இல்லாமை. உடனே கதவை மூடுவதா, சில நாட்கள் தவணை கொடுப்பதா? இரு சந்தைகளிலும் தவணை கொடுக்கும் ஏற்பாடு உண்டு. மாதச் சம்பளமில்லாத எமது மக்களுக்குத் தவணை கொடுப்பதே நியாயம்.

10. விலை காட்டுதல். விலையைச் செயலிக்குள் எழுதி வைக்காமல் சந்தையிடம் கேட்டே காட்ட வேண்டும். இல்லாவிடின் திரையில் ஒரு விலையும் அறவிடுவது வேறொரு விலையுமாகிவிடும்.

11. பழைய, விலை குறைந்த தொலைபேசி. மேற்சொன்ன அனைத்தையும் எமது கிராமத்தவர் பாவிக்கும் தொலைபேசியிலேயே, அவர்கள் வீட்டு முற்றத்தில் கிடைக்கும் இணையத்திலேயே மீண்டும் செய்து பார்க்க வேண்டும்.

சான்றைச் சரிபார்த்தல்

‘பணம் கட்டியாயிற்று’ என்று தொலைபேசி சொல்வதை மாத்திரம் நம்பிப் பொருளைக் கொடுப்பது, ‘கட்டிவிட்டேன்’ என்று வாயால் சொல்பவருக்குச் சீட்டெழுதிக் கொடுப்பதற்குச் சமமாகும். தொலைபேசியில் உள்ள செயலியைத் திருத்தி ஏமாற்ற வழிகள் உண்டு. ஆகவே சேவையகம் நேரடியாகக் கூகிளிடமோ அப்பிளிடமோ கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஒரே சான்றை இருவர் கொண்டுவந்தால் இரண்டாவதை மறுக்க, ஒவ்வொரு சான்றும் ஏட்டில் ஒரே தடவையே பதியப்பட வேண்டும்.

புதுப்பித்தல், இரத்து, மீளளிப்பு ஆகியவை செயலி மூடியிருக்கும்போதே நடைபெறுகின்றன. இவற்றைச் சேவையகத்துக்கு உடனுக்குடன் அறிவிக்கும் ஏற்பாட்டை இரு நிறுவனங்களும் வைத்துள்ளன. அதே அறிவிப்பு இரண்டு தடவை வரலாம், முன்பின்னாகவும் வரலாம். எத்தனை தடவை வந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி எழுதுவது முக்கியம். நெல் மூட்டையை இருவர் எண்ணினாலும் மூட்டை ஒன்றுதானே!

கைப்பொருள் விற்பனைக்குக் கொடுப்பனவு வாயிலைப் பாவிப்போருக்கும் இது பொருந்தும். கொள்வனவாளரின் திரை ‘வெற்றி’ என்ற பக்கத்துக்குத் திரும்பியதைச் சான்றாகக் கொள்ளலாகாது. வாயில் நேரே எமது சேவையகத்துக்கு அனுப்பும் கையொப்பமிட்ட அறிவிப்பே சான்று. அட்டை இலக்கத்தை நாமே வாங்கி வைத்திருக்க முயலக்கூடாது. அட்டையின் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்களைக் கொடுப்பனவு அனுமதிக்கப்பட்ட பின் சேமித்து வைப்பதை, அட்டை நிறுவனங்களின் பாதுகாப்பு விதிமுறை முற்றாகவே தடைசெய்கின்றது. எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. தேவையற்ற விபரத்தைக் கேளாதிருப்பதே சிறந்த பாதுகாப்பாகும்.

பிள்ளைகளின் கையில் தொலைபேசி

நிரல் பிழையின்றி ஓடினாலும் அநீதி நடக்கலாம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2011இன் ஆரம்பத்தில், ‘ஸ்மேர்ஃப்ஸ் வில்லேஜ்’ என்னும் இலவச விளையாட்டில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஏறத்தாழ 1400 டொலரைச் செலவிட்ட செய்தி அமெரிக்கப் பத்திரிகையில் வெளியாயிற்று. விளையாட்டில் வரும் பழங்களை வாங்குவது உண்மையான பணத்தால் என்பது பிள்ளைக்குத் தெரியாது. பெற்றோர் ஒரு தடவை கடவுச்சொல்லை இட்டால், அடுத்த 15 நிமிடங்களுக்கு மீண்டும் கேட்காமலே பணம் அறவிட அன்றைய ஏற்பாடு இடமளித்தது. அந்த மார்ச் மாதம் அப்பிள், செயலிக்குள் கொள்வனவுக்குக் கடவுச்சொல்லைத் தனியாகக் கேட்கும்படி மாற்றியது. இருந்தும் முறைப்பாடுகள் ஓயவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு தலையிட்டதன் விளைவாக, 2014 சனவரியில் அப்பிள் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டொலரையும், அதே ஆண்டு செப்ரெம்பரில் கூகிள் குறைந்தது ஒரு கோடியே 90 இலட்சம் டொலரையும் பெற்றோருக்கு மீளளிக்க இணங்கின.

அங்கே தொழில்நுட்பம் எழுதியபடியே இயங்கியது. எவருடைய பரிசோதனைப் பட்டியலிலும் பிள்ளை ஒன்று இடம்பெறவில்லை என்பதே குறை. எமது வீடுகளில் ஒரே தொலைபேசியைத் தாயும் பிள்ளைகளும் பேரனாரும் பாவிக்கின்றனர். வெளிநாட்டிலோ தொழிற்சாலையிலோ உழைக்கும் ஒருவரின் அட்டை அத்தொலைபேசியில் பதிந்திருக்கும். ஆகவே விலையை ரூபாவில் பெரிதாக எழுதுவதும், ‘இது உண்மையான பணம்’ என்று சொல்வதும், பெரியவரின் அனுமதியைக் கேட்பதும் செயலியின் அழகைக் கெடுப்பவையல்ல. ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி தொலைபேசியை அமைக்கப் பெற்றோருக்குக் கற்பிப்பதை எமது மாதர் சங்கங்களும் மேற்கொள்ளலாம்.

மாலையில் பெட்டியைச் சரிபார்த்தல்

இறுதியாகக் கணக்கு. கூகிள் ஒரு மாதத்தின் விற்பனைப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் திகதியளவில் அனுப்புகின்றது. அப்பிளின் பணம் மேலும் தாமதித்து வரும். விற்ற நாளும் பணம் வரும் நாளும் வேறாகையால், ‘விற்றோம்’ என்பதைக் ‘கிடைத்தது’ என்று எண்ணிச் செலவழிக்கலாகாது. மாத முடிவில் மூன்று ஏடுகளை ஒப்பிட வேண்டும்: எமது சேவையகத்தில் திறக்கப்பட்ட பொருட்கள், சந்தை தரும் விற்பனை அறிக்கை, வங்கிக் கூற்று. வணிகக் கல்வி கற்றோர் இதனை வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்று அறிவர். சந்தையின் அறிக்கையில் இருந்து எமது ஏட்டில் இல்லாத ஒவ்வொரு வரியும், பணம் கட்டிவிட்டுப் பாடம் கிடைக்காத ஒரு பிள்ளையாக இருக்கலாம். அன்று நாம் இதனை வாரந்தோறும் செய்திருந்தால், அத்தாய் எம்மைத் தேடி வருமுன் நாம் அவரைத் தேடிச் சென்றிருப்போம்.

தொகையை எப்போதும் முழு எண்ணாக, சதத்தில் வைத்திருப்பதும் நன்று. கணினி தசமங்களைக் கையாளும் முறையில் நுண்ணிய பிழைகள் நேர்ந்து, அவை சேர்ந்து கணக்கைக் குழப்பும். முறைப்பாடு செய்ய ஒரு தொலைபேசி இலக்கமும், அதற்கு மறுமொழி சொல்லும் ஓர் ஆளும் இருக்க வேண்டும். ஒரே நாளில் மறுமொழி கிடைக்கும் என்ற நம்பிக்கை, எந்த விளம்பரத்தையும்விடப் பெரிது.

திருவிவிலியத்தின் லேவியர் நூல், 19ஆம் அதிகாரத்தில், வணிகருக்கு நேர்மையான தராசும் நேர்மையான படியும் வேண்டும் என வலியுறுத்துகின்றது. தராசு சரியா என்பதைச் சந்தை கூடுமுன் பார்க்க வேண்டியவர் விற்பவரே. வாங்க வருபவர் அல்லர். செயலியைப் பரிசோதிப்பதும் அத்தகையதே. அது தொழில்நுட்பவியலாளரின் சலிப்பூட்டும் வேலை என்று ஒதுக்கப்படலாகாது.

அந்த மாணவி மறு ஆண்டு மீண்டும் கணிதப் பரீட்சைக்குத் தோற்றினார். பாடங்களை அவருக்கு இலவசமாகவே திறந்து கொடுத்தோம். அது எமது தாராளம் அல்ல, நாம் பட்டிருந்த கடன். எமது நிலையத்தில் இன்று புதிய செயலி ஒன்று முடிவடையும்போது, இளைஞர்கள் அதனை எடுத்துக்கொண்டு சமிக்ஞை குறைந்த ஒரு வீட்டுக்குச் சென்று, பணம் ஏறும் தறுவாயில் தொலைபேசியை அணைத்துப் பார்க்கின்றனர். மீண்டும் திறக்கும்போது பாடமும் திறந்தால் மாத்திரமே அது வெளியிடப்படுகின்றது. செயலி ஆக்க முனையும் ஏனைய இளைஞர் குழுக்களும், முதல் ரூபாவை வாங்குமுன் இதனைச் செய்து பார்க்குமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.